நான் சொல்லல, ஆராய்ச்சி சொல்லுது

நம் நாட்டில் வைத்தியர்களுக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பேருந்தில் ஒரு தும்மல் தும்மிப் பாருங்கள். பக்கத்து இருக்கைக்காரர் வைத்தியராகிவிடுவார். ஆனால் அவர் சாதாரண இனம். இஞ்சியைச் சொல்வார், துளசியைச் சொல்வார், தன் நிறுத்தம் வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விடுவார். நான் சொல்ல வந்தது அவரை அல்ல. அவரிலிருந்து கிளைத்து, ஊருக்குள் பிரவுசிங் சென்டர்கள் வந்த பிறகு தழைத்து, இன்று காரைக்கால் வட்டாரத்தில் தெருவுக்கு ஒருவராவது இருந்தே தீருவார் என்ற அளவுக்குப் பெருகிவிட்ட ஒரு புது இனத்தை. இவர் வைத்தியம் சொல்ல மாட்டார். ஆதாரம் சொல்வார்.

இவருக்கு ஆதாரக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

அடையாளம் காண்பது சுலபம். நோயாளியைப் பார்க்க வருகிற மற்றவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோ, நாலு சாத்துக்குடியோ, கொஞ்சம் வசதியானவர்களாக இருந்தால் ஆப்பிளோ கொண்டு வருவார்கள். இவர் தாள் கொண்டு வருவார். கல்யாணப் பத்திரிகை வைக்கிறவர் போல அக்குளில் ஒரு பிளாஸ்டிக் ஃபைலை இடுக்கிக்கொண்டு நுழைந்து, செருப்பைக் கழற்றுவதற்குள் “என்ன பண்ணுது?” என்று கேட்டு, நாம் “ரெண்டு நாளா...” என்று ஆரம்பிப்பதற்குள் உரிய தாளை உருவி எடுத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிவிடுவார். நோய் என்னவென்று நமக்கே இன்னும் தெரிந்திருக்காது. மருந்துக்கு ஆதாரம் தயார்.

தாளில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருக்கும். கோடு போட்ட இடத்தை மட்டும்தான் படிப்பார். “குறைக்கிறது” என்ற சொல்லுக்குக் கீழே கோடு ஆழமாக, தாள் கிழிகிற மாதிரி இருக்கும். அதற்கு முன்னால் “எலிகளில்” என்று ஒரு சின்னச் சொல் இருக்குமே, அதற்குக் கோடு கிடையாது. பேனா அங்கே மட்டும் தாண்டிக் குதித்திருக்கும். விலங்கியல் பட்டதாரி என்ற முறையில், எலியை மூன்று வருஷம் பலகையில் ஆணியடித்து அறுத்துப் பார்த்தவன் என்ற முறையில் நான் ஒன்று சொல்ல முடியும்: எலிக்கும் என் பெரியம்மாவுக்கும் சில வித்தியாசங்கள் உண்டு.

ஆதாரக்காரருக்கு இங்கிலீஷ் மருந்து ஆகாது. அது உடம்பைக் கெடுக்கும், கிட்னியை அரிக்கும், கம்பெனிக்காரன் சதி. சரி, அப்படியே இருக்கட்டும். ஆனால் அது ஆகாது என்பதற்கான ஆதாரம் மட்டும் இங்கிலீஷில்தான் இருக்க வேண்டும். தமிழில் அச்சடித்த நோட்டீஸை அவர் கையால் தொட மாட்டார். வேலியில் படர்ந்து கிடக்கிற நம் ஊர்க் கொடியைப் பற்றி நம் ஊர்க் கிழவர் சொன்னால் அது பேச்சு. அதையே அமெரிக்காவில் ஒருவன் சொன்னதாக மும்பையில் ஒருவன் எழுதி, அந்தப் பக்கத்தின் அடியில் “இப்போதே வாங்குங்கள்” என்று பச்சை நிறப் பொத்தான் மினுங்கினால், அதுதான் ஆராய்ச்சி. அந்தப் பொத்தானும் தாளில் அச்சாகிவிடும். அச்சான பொத்தானை அழுத்த முடியாது என்பதால் அவர் அதைக் கவனிப்பதில்லை.

அவர் பிரவுசிங் சென்டரில் உட்காருகிற அழகைப் பார்க்க வேண்டும். திரைச்சீலை போட்ட தடுப்புக்குள் நுழைந்து, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகக் கொத்தி, முதலிலேயே முடிவை அடித்துவிடுவார்: இந்த இலை சர்க்கரையைக் குணப்படுத்தும், ஆதாரம். அந்தப் பெட்டிக்கு என்ன தெரியும்? கேட்டதைக் கொடுக்கிற பெட்டி. குணப்படுத்தும் என்று கேட்டால் அதற்கு நாற்பது பக்கம் கொடுக்கும். குணப்படுத்தாது என்று கேட்டால் அதற்கும் நாற்பது பக்கம் கொடுக்கும். ஆதாரக்காரர் ஒரு கேள்வியோடு எழுந்து வந்துவிடுவார். இரண்டாவது கேள்விக்கு இன்னொரு மணி நேரக் காசு ஆகுமே.

எங்கள் குரும்பகரத்தில் இந்த இனத்தின் பிரதிநிதி சோமசேகரன். வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் பார்த்து ஓய்வுபெற்றவர். ஊரில் எந்த வீட்டுக் கதவும் அவருக்குத் திறக்கும், எந்த வீட்டு நாயும் அவரைப் பார்த்துக் குரைக்காது. ஆயுசு முழுக்க ரீடிங் எடுத்த கை சும்மா இருக்குமா? இப்போது மனிதர்களுக்கு எடுக்கிறார். வாசலில் சைக்கிளை நிறுத்தி “சுகர் எவ்வளவு?” என்று குரல் கொடுத்தால், அடுக்களையிலிருந்து எண் வரும். “பிரஷரு?” என்றால் கொல்லையிலிருந்து இன்னொரு எண் வரும். அவருக்கு மட்டும் எந்த நோயும் கிடையாது. அதுதான் அவருடைய தகுதி.

கெட்டவரா? சத்தியமாக இல்லை. ஒரு பைசா வாங்க மாட்டார். வெயிலில் சைக்கிள் மிதித்துக்கொண்டு வந்து, இலையையும் தானே பறித்துக் கொடுத்து, ஒரு டம்ளர் மோரோடு போய்விடுவார். யாராவது சந்தேகப்பட்டால் கோபிக்க மாட்டார். கையிரண்டையும் விரித்து, “நான் சொல்லல, ஆராய்ச்சி சொல்லுது” என்பார். அதற்குமேல் யார் என்ன பேசுவது? ஆராய்ச்சி நம் வீட்டுக்கு வந்து மோர் குடிக்கவா போகிறது, எதிர்க் கேள்வி கேட்க?

ஒருமுறை பிரெஞ்சுத் தாள் ஒன்று அவருக்குக் கிடைத்தது. காரைக்காலில் பிரெஞ்சுக்கு இருக்கிற மரியாதை உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு ஒரு சித்தப்பா பிரான்சில் இருக்கிறார், இல்லாவிட்டால் இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்தத் தாளில் ஒரு கொடியின் இலைப் படம் இருந்தது. மற்றபடி ஒரு எழுத்துக்கூட யாருக்கும் விளங்கவில்லை. விளங்காததால் யாரும் மறுக்கவும் முடியவில்லை. ஒரு மாதம் அந்தத் தாள்தான் ஃபைலில் முதல் தாளாக இருந்து, பெரிய பெரிய வியாதிகளுக்கெல்லாம் உருவப்பட்டது. கடைசியில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சிதம்பரநாதன் கையில் யாரோ அதைக் கொடுத்துவிட்டார்கள். அவர் ஆற அமரப் படித்துவிட்டு, இந்தக் கொடியைப் பூந்தொட்டியில் எப்படி வளர்ப்பது, வாரத்துக்கு எத்தனை தடவை தண்ணீர் ஊற்றுவது என்று போட்டிருக்கிறது என்றார். வேறு யாராவதாக இருந்தால் ஊரைவிட்டே போயிருப்பார்கள். சோமசேகரன் தாளை வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டு, “வெள்ளக்காரன் தொட்டில வச்சு வளக்குறான்னா சும்மாவா வளப்பான்?” என்றார்.

இந்த ஃபைல்தான் ஒருநாள் என் பெரியம்மா வீட்டுக்குள் நுழைந்தது.

பெரியம்மா அன்னபூரணி, என் அம்மாவுக்கு மூத்தவள். பெரியப்பா இல்லை. ஒரே மகள் இளவேனில், கோட்டுச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். பெரியம்மாவுக்குச் சர்க்கரை வந்து சில வருஷங்களாகிறது. டவுனில் தனியாக கிளினிக் வைத்திருக்கிற ஒரு டாக்டரிடம் காட்டி, மருந்துக்கடையில் காசு கொடுத்து மாத்திரை வாங்கி, ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஒழுங்கைக் கவனியுங்கள். கதையில் எல்லாக் குழப்பத்துக்கும் அவளுடைய ஒழுங்குதான் காரணம்.

சோமசேகரன் கொண்டுவந்தது சிறுகுறிஞ்சான் இலை. அந்த இலைக்கு ஒரு வேடிக்கை உண்டு. மென்று துப்பிவிட்டு வாயில் சீனியைப் போட்டால் இனிக்காது. மணலை மெல்வது போல இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஏமாற்றுகிற விளையாட்டு அது. சோமசேகரன் அதை மருத்துவ நிரூபணமாக நடத்தினார். கூடத்தின் நடுவே பெரியம்மாவை உட்காரவைத்து, இரண்டு இலையை மெல்லச் சொல்லி, பிறகு ஒரு தேக்கரண்டிச் சீனியைக் கையில் கொட்டினார்.

“என்ன தெரியுது தங்கச்சி?”

“ஒண்ணுமே தெரியலண்ணே.”

“எங்க போச்சு சீனி?”

பெரியம்மா மேலும் கீழும் பார்த்தாள். சீனி எங்கும் போகவில்லை. வழக்கம்போல வயிற்றுக்குள் போயிருந்தது. ஆனால் கூடத்தில் கூடியிருந்த கூட்டம் மந்திரக்காரனைப் பார்ப்பது போல சோமசேகரனைப் பார்த்தது. வாயில் வைத்த சீனியையே தீர்த்துக்கட்டுகிற இலை, ரத்தத்தில் இருப்பதை விடுமா? அதற்குமேல் ஃபைலைத் திறக்கவே தேவையிருக்கவில்லை. இருந்தாலும் திறந்தார். கடைசியாக ஒன்று சொன்னார்: மருந்தை நிறுத்திவிட வேண்டும், இலையும் மருந்தும் ஒன்றோடொன்று சண்டை போடும். “நான் சொல்லல” என்று ஆரம்பித்தார். மீதி உங்களுக்குத் தெரியும்.

பெரியம்மா மறுநாளே மாத்திரையை நிறுத்திவிட்டாள். சொன்னால் கேட்கிற ஜென்மம்.

அடுத்து வந்தது காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழா. வீதியுலாவில் மாடியிலிருந்து வாரி இறைக்கிற மாம்பழத்தைப் பிடிக்கக் கூட்டத்தோடு கூட்டமாகப் பெரியம்மாவும் முந்தானையை விரித்துக்கொண்டு நின்றாள். பழம் விழுந்தது. கூடவே எவனுடைய செருப்புக்காலோ அவள் கட்டைவிரல் மேல் விழுந்தது. ரத்தம் கசிந்ததை அவள் பொருட்படுத்தவில்லை. அம்மையார் பிரசாதத்தைத் தின்னாமல் இருக்க முடியுமா? தின்றாள். இலை இருக்கிற தைரியத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் பிடித்துவந்த பழத்தையும் தின்றாள். விரல் மட்டும் ஆறவில்லை. ஆடி பிறந்து, வயலில் தண்ணீர் பாய ஆரம்பித்த சமயத்தில், விரலின் ஓரம் கறுக்கத் தொடங்கியிருந்தது.

டவுன் டாக்டர் பார்த்துவிட்டு, இப்போதே மாத்திரையும் ஊசியும் ஆரம்பிக்காவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரும், அதையும் தள்ளிப்போட்டால் விரலோடு நிற்காது என்று சொல்லியனுப்பினார். இளவேனில் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்தால் சோமசேகரன் உட்கார்ந்திருக்கிறார். புதுத் தாளோடு. விரல் கறுப்பது நல்லதாம். இத்தனை வருஷம் மருந்து தின்ற விஷமெல்லாம் ஒரே வழியாக வெளியேறுகிறதாம். பெரியம்மா காலை நீட்டி விஷம் வெளியேறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசிக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

இளவேனில் எனக்கு ஆள் அனுப்பினாள். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். மாடு ஈனுவது முதல் பாஸ்போர்ட் பாரம் வரை எல்லாம் என்னிடம்தான் வரும், எல்லாவற்றுக்கும் சலிக்காமல் பதில் சொல்லியிருக்கிறேன், பாதிக்கு மேல் சரியாகவும் இருந்திருக்கிறது. போனேன். முதலில் பெரியம்மாவிடம் ஏன் அந்த டாக்டரை நம்ப மாட்டேன் என்கிறாய் என்று கேட்டேன்.

“அந்த டாக்டரு தலைய நிமித்தி என் மூஞ்சியப் பாக்கலய்யா. சோமசேகரண்ணன் ஒரு மணி நேரம் உக்காந்து, தூக்கம் வருதா, கால் எரியுதா, மக எப்ப வீட்டுக்கு வர்றான்னு எல்லாம் கேக்குறாரு. எனக்கு யாரு இருக்கா கேக்க?”

ஆதாரக்காரரை எதிர்க்க ஆதாரத்தோடுதான் போக வேண்டும் என்று நினைத்தேன். படித்தவன் புத்தி அப்படித்தான் போகும். அதே பிரவுசிங் சென்டர், அதே திரைச்சீலை. இலையின் பெயரை மட்டும் அடித்தேன், முடிவை அடிக்கவில்லை. முதல் பக்கம் முழுக்கக் கடை. இரண்டாவது பக்கம் முழுக்க, குணமான மனிதர்களின் புன்னகை. அதையும் தாண்டி, உலகத்து மருத்துவக் கட்டுரைகளின் சுருக்கங்களைச் சேர்த்து இலவசமாகத் திறந்துவைத்திருக்கிற ஒரு நூலகத்துக்குள் போய், யார் செய்தார்கள், எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டார்களா, எழுதினவரே அந்த மாத்திரையை விற்கிறவரா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இலையில் விஷயம் இல்லாமல் இல்லை. எலிகளுக்கு நல்லது செய்திருக்கிறது. மனிதர்களிடம் சின்ன அளவில் பார்த்திருக்கிறார்கள், இன்னும் நிறையப் பார்க்க வேண்டும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லி நான் பார்த்ததில் ஒருவரும் எழுதவில்லை. இருப்பதிலேயே தெளிவான ஒரு தாளை அச்செடுத்துக்கொண்டு, போருக்குப் போகிறவன் போல குரும்பகரம் பஸ் ஏறினேன்.

பெரியம்மா வீட்டுக் கூடத்தில் சோமசேகரன் என் தாளை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். எடை போடுவது போலக் கையில் ஏந்தினார்.

“தம்பி, நீ கொண்டாந்தது எத்தினி?”

“ஒண்ணுதான். ஆனா...”

“என்கிட்ட நாப்பது இருக்கு.”

இதற்கு என்ன செய்வீர்கள்? நான் விளக்க ஆரம்பித்தேன். ஒப்பீட்டுக் குழு என்றேன், மாதிரி அளவு என்றேன். பெரியம்மா கொட்டாவி விட்டாள். என் தாளில் சிவப்புக்கோடு வேறு இல்லை. கடைசியில் அவளே கையமர்த்திச் சொன்னாள்: “ரெண்டு பேருமே பேப்பர் வச்சிருக்கீங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. கோட்டுச்சேரி சாரதாம்பாளுக்கு எறங்கிருச்சுல்ல, அவ கையில எந்தப் பேப்பரும் இல்லல்ல?”

சாரதாம்பாள் என்பவர் சோமசேகரனின் தலைசிறந்த வெற்றி. ஃபைலில் இல்லாத, நடமாடுகிற ஆதாரம். முன்னூறைத் தொட்டுக்கொண்டிருந்த சர்க்கரை இலை சாப்பிட்டுப் பாதிக்கு இறங்கிவிட்டது என்று ஊர் ஊராகப் பேச்சு. அவரையே போய்ப் பார்த்துவிடலாம் என்று நான் சொன்னேன். சோமசேகரன் என்னைவிட முந்திக்கொண்டு செருப்பை மாட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பயம் எனக்குத்தான். அந்த அம்மாள் நிஜமாகவே குணமாகியிருந்தால் பெரியம்மாவின் விரல் போனது போனதுதான்.

ஆட்டோ பிடித்தோம். பின்னால் பெரியம்மா காலை என் மடியில் நீட்டிக்கொண்டு, பக்கத்தில் இளவேனில். முன்னால் டிரைவரோடு பாதிப் பிருஷ்டத்தில் தொற்றிக்கொண்டு சோமசேகரன், ஃபைலோடு. வரிச்சிக்குடி தாண்டுவதற்குள் டிரைவருக்கு மூட்டுவலி இருப்பதைக் கண்டுபிடித்து, அதற்குரிய தாளையும் எடுத்துவிட்டார். டிரைவர் சாலையைப் பார்ப்பதா தாளைப் பார்ப்பதா என்று தடுமாறியதில், வீதி ஓரத்தில் காயப்போட்டிருந்த கருவாட்டின் மேல் ஏறி இறங்கினோம்.

சாரதாம்பாள் திடகாத்திரமாக இருந்தார். எங்களை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, சோமசேகரனைக் கையெடுத்துக் கும்பிட்டார். ஆமாம், அந்த இலைதான். ஆமாம், பாதியாக இறங்கிவிட்டது. இப்போதெல்லாம் கால் எரிச்சல்கூட இல்லை. வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று நான் கேட்டேன். இவ்வளவு தூரம் வந்ததே அதைக் கேட்கத்தான்.

“மருந்தா? ஒண்ணும் கெடையாது தம்பி. மருந்த நிறுத்தச் சொல்லிட்டாரே அண்ணன். சுத்தமா கெடையாது.”

சோமசேகரன் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். வெற்றிபெற்றவர்கள் தோற்றவர்களைத் தேற்றுவதற்காகப் புன்னகைப்பார்களே, அது. பெரியம்மா நிம்மதியாகச் சுவரில் சாய்ந்தாள். இளவேனில் என்னைப் பார்க்கவே இல்லை. நான் காப்பி டம்ளரின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அந்த அம்மாள் பிடிவாதம் பிடித்தார். தனக்கு நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே எழுந்தவர், அலமாரியில் கடுகு டப்பாவுக்குப் பக்கத்திலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து, ஒரு வெள்ளை வில்லையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். எங்கள் எதிரிலேயே. மறைக்கிற எண்ணமே இல்லாமல்.

முதலில் கேட்டது நானல்ல. பெரியம்மா.

“அது என்னங்க முழுங்கினீங்க?”

“இதா? ஆஸ்பத்திரி மாத்திரங்க.”

“எதுக்கு?”

“சுகருக்குத்தான்.”

“மருந்தே சாப்பிடலன்னு இப்பத்தானே சொன்னீங்க?”

சாரதாம்பாளுக்குக் கேள்வியே புரியவில்லை. பொட்டலத்தைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார். பிறகு, குழந்தைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார்: “இது மருந்து இல்லங்க. சும்மா குடுக்குறது. பெரியாஸ்பத்திரில மாசாமாசம் எல்லாருக்கும் அள்ளிக் குடுக்குறாங்க, போயி வாங்கலன்னா நர்சம்மா திட்டும், வாங்கிட்டு வந்ததக் கீழ போடவும் மனசு வரல. காசு குடுத்து கடையில வாங்குனாத்தானங்க மருந்து?”

சோமசேகரன் ஃபைலைத் திறந்தார். மூடினார். எந்தத் தாளை எடுப்பது என்று அவருக்கே தெரியவில்லை. “போலகம் கண்ணையனுக்கும் எறங்குச்சே” என்று மெதுவாகச் சொன்னார். கண்ணையனா, அவரு மாத்திரை வாங்க வரிசையில் எனக்கு முன்னால்தானே நிற்பார் என்றார் சாரதாம்பாள், ரசத்தைக் கலக்கிக்கொண்டே.

ஆக, சோமசேகரன் பேச்சைக் கேட்டு மருந்தை நிறுத்தியவர்கள் எல்லாரும் மருந்தை நிறுத்தாதவர்கள். இலவச மாத்திரை அவர்கள் கணக்கில் மருந்தே இல்லாததால், நிறுத்தச் சொன்னபோது அதை நிறுத்தத் தோன்றவில்லை. இலையைத் தின்றார்கள், மாத்திரையையும் தின்றார்கள், இறங்கியதற்குப் பேர் இலைக்குப் போயிற்று. காசு கொடுத்து மருந்து வாங்கியவள் என் பெரியம்மா ஒருத்திதான். அவள் மட்டும்தான் நிறுத்தினாள். சும்மா கொடுத்த மாத்திரையை மதிக்காத ஊர், சும்மா கொடுத்த ஆலோசனையை மட்டும் எப்படி இவ்வளவு மதித்தது என்று நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். இதற்கு எந்த நூலகத்திலும் கட்டுரை கிடைக்கவில்லை.

பெரியம்மா சாப்பிடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சோமசேகரனுக்கு நேராக நின்றாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

“ஏண்ணே, கால் எரியுதா, தூக்கம் வருதான்னு என்கிட்ட அத்தினி கேட்டீங்களே. இவங்ககிட்ட இந்த ஒண்ணக் கேக்கலையே.”

சோமசேகரன் தலையைக் குனிந்துகொண்டார். வழக்கமான பதிலைச் சொல்ல வாயைத் திறந்தார். “நான்...” என்றார். அதோடு நின்றுவிட்டது.

“இளவேனி, வண்டிய பெரியாஸ்பத்திரிக்கு விடச் சொல்லு” என்றாள் பெரியம்மா.

விரல் பிழைத்தது. கட்டுப்போடுவதும் பிரிப்பதுமாக ஐப்பசி மழைவரை இழுத்தது. நகமும் கொஞ்சம் சதையும் போயின. பெரியம்மா அங்கே ஊசிகளையும், இதுவரை தான் மதிக்காதிருந்த சும்மா மாத்திரைகளையும் ஒழுங்காக எடுத்துக்கொண்டாள். அங்கிருந்த டாக்டராவது நிமிர்ந்து பார்த்தாரா என்று கேட்டேன். ஒரு தடவை பார்த்தாராம். அதுவும் ஸ்கூலுக்கு நேரமாயிற்று என்று இளவேனில் சத்தம் போட்டபோது.

சோமசேகரன் திருந்திவிட்டார் என்று எதிர்பார்க்கிறீர்களா? இரண்டு வாரம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை, அது உண்மை. மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரிக்கே வந்தார். ஹார்லிக்ஸ் பாட்டில் கொண்டுவந்திருந்தார். அவர் வாழ்க்கையிலேயே முதல் பாட்டிலாக இருக்கும், பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது. பெரியம்மாவின் கட்டிலோரம் உட்கார்ந்து, தூக்கம் வருதா தங்கச்சி என்று கேட்டார். அவளும் வருதுண்ணே என்றாள். கிளம்பும்போது என்னை வராந்தாவின் ஓரத்துக்குக் கூட்டிப்போய், இலையும் மாத்திரையும் சேர்ந்தால்தான் இறங்குகிறது என்பது பெரிய கண்டுபிடிப்பு, வெளிநாட்டில் யாருக்கும் இன்னும் தெரியாது, நாம் இருவரும் சேர்ந்து இதை இங்கிலீஷில் எழுதி இன்டர்நெட்டில் போட்டால் என்ன என்று கேட்டார். போட்டுவிட்டால், அதை அவரே அச்செடுத்துக்கொள்ளலாமே.

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. நல்ல வேளை நாம் அந்த இனம் இல்லை என்ற சிரிப்பு. இருக்கட்டும். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். பெரியம்மாவின் விரல் கறுத்தது என்று படித்தீர்களே, அந்த இடத்தில் உங்கள் மனசுக்குள் ஓர் இலை எட்டிப் பார்த்ததா இல்லையா? அடடா, அதற்கு ஒன்று இருக்கிறதே, விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டினால் மூன்றே நாளில் காய்ந்துவிடுமே, எங்கள் சித்தி மாமனாருக்கு அப்படித்தானே ஆறியது, இதை யாராவது அந்த அம்மாளுக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று நாக்கு நுனிவரை வந்ததா இல்லையா? உங்கள் சித்தியின் மாமனார் அப்போது வேறென்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று கேட்டீர்களா?

வந்திருக்கும். கேட்டிருக்க மாட்டீர்கள். அதனால்தான் சொல்கிறேன்: குரும்பகரம் என்று ஊர்ப் பெயரைச் சொன்னதே என் தப்பு. தயவுசெய்து இலையும் கையுமாக வந்து தெருப் பெயரைக் கேட்காதீர்கள்.